கிட்டாருக்குள் பேக்பைப் எப்படி வந்தது? பிக் கன்ட்ரியின் 'தி கிராசிங்' ஆல்பத்தைப் புரிந்து கேட்க ஓர் எளிய விளக்கம்

ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் நகரத்தில் உருவான பிக் கன்ட்ரி என்னும் ராக் குழு, 1983ஆம் ஆண்டு 'தி கிராசிங்' என்ற தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அந்த ஆல்பத்தின் பெயரை எடுத்தவுடன், ராக் இசையில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள்கூட, "கிட்டாரில் பேக்பைப் வாசித்தார்களே, அவர்கள்தானே?" என்று கேட்டுவிட்டு அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். பேக்பைப் என்பது பையில் காற்றடைத்து ஊதும் ஸ்காட்லாந்தின் குழல் கருவி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரு வாக்கியமே அந்தக் குழுவின் முகவரியாக இருந்து வருகிறது. அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கிட்டாரில் பேக்பைப் வாசிப்பது என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் மூன்று விதமான பதில்கள் வரும். உண்மையாகவே ஒரு பேக்பைப் கலைஞரை அழைத்து வந்து பின்னணியில் ஊத வைத்திருக்கிறார்கள் என்பது முதல் பதில். காலால் அழுத்தினால் கிட்டார் ஒலியை அப்படியே பேக்பைப் ஒலியாக மாற்றிவிடும் ஒரு பெட்டி இருக்கிறது என்பது இரண்டாவது. அவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று தெரிந்திருப்பதால் நம் காதுக்கு அப்படித் தோன்றுகிறது, மற்றபடி எல்லாம் கற்பனையே என்பது மூன்றாவது.

நான் வெகு காலம் முதல் கூட்டத்தில் இருந்தவன். நண்பர் ஒருவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் இந்த ஆல்பத்தை முதன்முறை கேட்டபோது, முதல் பாட்டு முடிவதற்குள் டேப்பை நிறுத்திவிட்டு, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, பேக்பைப் வாசித்தவர் யார் என்று தேடினேன். நான்கு பெயர்கள் இருந்தன. ஸ்டூவர்ட் ஆடம்சன் பாடியும் கிட்டார் வாசித்தும் இருந்தார். புரூஸ் வாட்சன் இரண்டாவது கிட்டார். டோனி பட்லர் பாஸ் கிட்டார். மார்க் பிரெசிக்கி டிரம்ஸ். பேக்பைப் ஊதியவர் என்று எவரும் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படியானால் நான் கேட்டது என்ன? அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையைத்தான், இசைக் கல்வி ஏதும் இல்லாதவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

குரலும் நடையும்

தெருமுனையில் வருகிற ஒருவரை முகம் தெரியாத தூரத்திலேயே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். அவர் தோளைச் சாய்த்து நடக்கும் விதம், கையை வீசும் அளவு, இடையிடையே நின்று பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் ஆகியவை போதும். அதே மனிதர் தொலைபேசியில் பேசினால் நடை தெரியாது. குரலை வைத்து அடையாளம் காண்கிறோம். ஆக, ஒருவரை அறிய நமக்குக் குரல் ஒரு வழி, நடை மற்றொரு வழி.

இசைக் கருவிகளுக்கும் இதே இரண்டு வழிகள் உண்டு. கருவியின் குரல் என்பது, ஒரே சுரத்தை ஒரே சத்தத்தில் வாசித்தாலும் புல்லாங்குழலையும் வயலினையும் வேறுபடுத்திக் காட்டும் தன்மை. அதற்கு ஒலிநிறம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கருவியின் நடை என்பது, அந்தக் கருவியின் உடலமைப்பு அதை வாசிப்பவர் மீது சுமத்தும் பழக்கங்கள்: எங்கே மூச்சு விடலாம், எவ்வளவு வேகமாகத் தாவலாம், எந்தச் சுரங்கள் கிடைக்கும், எவை கிடைக்கா என்பன போன்றவை.

பிக் கன்ட்ரியைப் பற்றிய குழப்பம் முழுவதும், இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருவது. அவர்கள் பேக்பைப்பின் குரலைச் சிறிதளவும் அதன் நடையைப் பெருமளவும் கிட்டாருக்குள் கொண்டுவந்தார்கள். குரல் ஏறக்குறைய ஒத்துப்போய், நடை அச்சாக ஒத்துப்போனதும், மீதியை நம் காதே நிரப்பிக்கொண்டது.

பேக்பைப் எப்படி இயங்குகிறது

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் விடாமல் ஒரே சீராக வருகிறது, ஏனென்றால் இடையில் தொட்டி இருக்கிறது. பேக்பைப்பில் அக்குளில் இடுக்கியிருக்கும் பைதான் அந்தத் தொட்டி. கலைஞர் வாயால் ஊதிப் பையை நிரப்புகிறார். மூச்சு இழுக்கும் நேரத்தில் கையால் பையை அழுத்திக் காற்றைத் தொடர்ந்து தள்ளுகிறார். எனவே ஒலி ஒரு கணமும் அறுவதில்லை. ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்துச் சுருதி ஊதும் துத்தி என்ற கருவி நம் பக்கத்திலும் இருந்ததுதான், தத்துவம் ஒன்றே.

பையிலிருந்து காற்று இரண்டு வகைக் குழல்களுக்குப் போகிறது. விரல்களால் துளைகளை மூடித் திறந்து மெட்டு வாசிக்கும் குழல் ஒன்று. அதன் உள்ளே இருப்பது இரட்டை நாக்குச் சீவாளி. நாதசுரத்தின் சீவாளிக்கு உறவு. தோளின் மேல் நிமிர்ந்து நிற்கும் மூன்று குழல்கள் இன்னொரு வகை. அவற்றில் விரலுக்கு வேலையே இல்லை. இரண்டு குழல்கள் மெட்டுக் குழலின் ஆதார சுரத்தை ஒரு ஸ்தாயி கீழேயும், நீளமான மூன்றாவது குழல் இரண்டு ஸ்தாயி கீழேயும், தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இந்த விடாத ஒலிக்குத் தமிழில் ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிறது: ஒத்து. நாதசுரக் கச்சேரியில் மெட்டு வாசிக்காமல், கன்னம் உப்ப, மணிக்கணக்கில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். "ஒத்து ஊதுகிறான்" என்று பேச்சு வழக்கில் அந்த வேலையைச் சற்று இளக்காரமாகவே சொல்கிறோம். ஆனால் அவர் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டால், எவ்வளவு பெரிய வித்வானின் வாசிப்பும் தரையில்லாத வீடுபோல் ஆகிவிடும். இப்போது சுருதிப் பெட்டி அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டாலும் தேவை மாறவில்லை.

இந்த அமைப்பிலிருந்து சில கட்டாயங்கள் பிறக்கின்றன. காற்று நிற்காது என்பதால் பேக்பைப்பில் மௌனம் கிடையாது. ஒரு சுரம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிட வேண்டும். பையின் அழுத்தம் மாறினால் சுருதி கலையும் என்பதால் மெதுவாகவும் உரக்கவும் மாற்றி மாற்றி வாசிக்க முடியாது. சீவாளி வாய்க்குள் இல்லை என்பதால் நாக்கால் தட்டிச் சுரங்களைப் பிரிக்கவும் வழியில்லை. அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிப்பது எப்படி? கலைஞர் இரண்டுக்கும் நடுவே வேறொரு சுரத்தை இமைப்பொழுதுக்குள் சொடுக்கிவிட்டுப் போகிறார். காது அதைத் தனிச் சுரமாகக் கேட்பதில்லை. ஒரு வெட்டாகவே உணர்கிறது. இதை வெட்டுச் சுரம் என்று குறிப்பிடுகிறேன். அழகுக்காகச் சேர்த்த வேலைப்பாடு என்று பலர் நினைக்கும் இந்தத் துடிப்பு, உண்மையில் வேறு வழியில்லாமல் பிறந்தது. பேக்பைப்பின் உயிரும் அதுவே என்பது என் எண்ணம்.

ஆக, விடாத ஒலி, ஏறி இறங்காத சத்தம், அடியில் ஒத்து, இடையிடையே வெட்டுச் சுரம்: பேக்பைப்பின் நடை என்று இனி நான் சொல்வதெல்லாம் இந்த நான்கையும்தான்.

தேய்ந்து மறையும் கிட்டார்

கிட்டார் எல்லா வகையிலும் இதற்கு நேர் எதிரான கருவி. கோயில் மணியை ஒரு முறை அடித்துவிட்டுக் கேளுங்கள். அடித்த கணத்தில் ஒலி மிகப் பெரிது. அதன்பின் தேய்ந்துகொண்டே போய்க் கரைந்துவிடும். மீட்டப்பட்ட தந்தியும் அப்படியே. தொடக்கத்தில் 'டங்' என்ற கூர்மை, பிறகு தேய்வு. கிட்டாரைக் கிட்டார் என்று நாம் அடையாளம் காண்பதே பெரும்பாலும் அந்தக் கூர்மையாலும் தேய்வாலும்தான். எனவே கிட்டாரை ஊதுகுழலாக நினைக்க வைக்க வேண்டுமானால், முதல் வேலை அந்தத் தேய்வை மறைப்பது.

அதற்கு எலக்ட்ரிக் கிட்டார்க்காரர்கள் அனைவரும் அறிந்த வழி ஒன்று உண்டு. திருவிழாவில் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகி வைத்தால் பாட்டு கரகரக்கிறதல்லவா? பெருக்கியால் தாங்க முடியாத உயரத்துக்கு ஒலி அலை எழும்போது அதன் உச்சி தட்டையாக வெட்டுப்படுவதே அந்தக் கரகரப்பு. கிட்டாரில் இதை வேண்டுமென்றே செய்தால் இரண்டு பலன்கள் கிடைக்கின்றன. உச்சிகள் வெட்டுப்படுவதால் தொடக்கத்தின் பெரிய ஒலிக்கும் பின்னால் வரும் சிறிய ஒலிக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, சுரம் நெடுநேரம் ஒரே அளவில் நிற்பதுபோல் கேட்கிறது. கூடவே, வெட்டுப்பட்ட அலையில் மேற்சுரங்கள் பெருகுகின்றன. மேற்சுரம் என்பது, ஒரு சுரம் ஒலிக்கும்போது அதனோடு சேர்ந்து மெல்லியதாக ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள். எந்த மேற்சுரம் எவ்வளவு இருக்கிறது என்பதே ஒலிநிறத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சீவாளிக் கருவிகளில் உயர்ந்த மேற்சுரங்கள் அதிகம். அந்தக் கம்மிய, மூக்கடைத்த கூர்மைக்குக் காரணம் அதுவே. கரகரப்பேற்றிய கிட்டார் அந்தப் பக்கமாக ஓரடி நகர்ந்து நிற்கிறது.

ஓரடிதான். மற்றக் குழுக்கள் பல கரகரப்பை வைத்துக்கொண்டு அந்த ஓரடியோடு நின்றபோது, ஆடம்சனும் வாட்சனும் மேலும் இரண்டு கருவிகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊஞ்சலைத் தள்ளும் கை: ஈ-போ

முதல் கருவி ஈ-போ. உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். அமெரிக்கரான கிரெக் ஹீட் உருவாக்கியது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து கடைகளில் கிடைத்து வருகிறது.

ஊஞ்சலில் குழந்தையை உட்கார வைத்து ஒரு முறை தள்ளினால், ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிடும். ஒவ்வொரு முறை பின்னால் வரும்போதும் சரியான கணத்தில் மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால் நிற்கவே நிற்காது. மீட்டுவது முதல் வகை. ஈ-போ செய்வது இரண்டாவது. அதற்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்று கிட்டாரின் எஃகுத் தந்தி எப்படி அதிர்கிறது என்று கவனிக்கிறது. இரண்டாவது, கவனித்த அதே அதிர்வைப் பெருக்கி, காந்த விசையாகத் தந்திக்கே திருப்பித் தருகிறது. தந்தி தன் அதிர்வாலேயே தன்னைத் தள்ளிக்கொள்கிறது என்று சொல்லலாம். பேட்டரி இருக்கும் வரை சுரம் நிற்காது.

ஒரு நண்பரின் அறையில் இதை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மீட்டும் வில்லையைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சிறு பெட்டியைத் தந்திகளின் மேல் உட்கார வைத்தேன். இரு பக்கத்துத் தந்திகளின் மேல் அதன் பள்ளங்கள் பொருந்தி உட்கார, நடுத்தந்தி மட்டும் அதன் அடியில் இருந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, யாரும் தொடாத தந்தி, தூரத்தில் யாரோ வாயெடுத்துப் பாடுவதுபோல் மெல்ல எழுந்து, அறை முழுவதும் நிரம்பி, அங்கேயே நின்றது. 'டங்' என்ற தொடக்கமே இல்லை. கிட்டாரைக் காட்டிக்கொடுக்கும் அந்த முதல் கூர்மை போய்விட்டதென்றால், கேட்பவருக்கு அது கிட்டார்தான் என்று அடித்துச் சொல்வதற்குப் பிடிமானமே இல்லாமல் போகிறது.

ஒன்று இரண்டாகும்: சுருதி மாற்றி

இரண்டாவது கருவி, எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் பிட்ச் டிரான்ஸ்போசர். பெயரைத் தமிழில் சொன்னால் சுருதி மாற்றி. உள்ளே வரும் ஒலியை நகலெடுத்து, நகலை மட்டும் வேறொரு உயரத்துக்கு ஏற்றியோ இறக்கியோ, மூல ஒலியோடு சேர்த்து வெளியே விடுவது இதன் வேலை. பழைய டேப்பில் கேசட் வேகமாக ஓடினால் பாடுபவரின் குரல் கீச்சென்று உயர்ந்துவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்திருப்போம். இந்தக் கருவியும் ஒலியைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, வேறு வேகத்தில் படித்துத்தான் உயரத்தை மாற்றுகிறது. ஆனால் வேகமாகப் படித்தால் ஒலி சீக்கிரம் தீர்ந்துவிடுமே! அதற்காகச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, முடிந்த துண்டை மீண்டும் படித்து ஒட்டுப்போடுகிறது. அந்த ஒட்டுக்களில் லேசான நடுக்கமும், மூல ஒலிக்கும் நகலுக்கும் இடையே மிகச் சிறிய கால இடைவெளியும் இருக்கும்.

அக்காலத்துக் கருவியின் குறையாகச் சொல்லத்தக்க இந்த நடுக்கமே இங்கே வரமாக அமைந்தது. ஒரே கிட்டார், ஒன்றையொன்று ஒட்டியும் ஒட்டாமலும் செல்லும் இரண்டு குழல்கள்போல் ஒலித்தது. இதை இரண்டு கிட்டார்க்காரர்களும் செய்யும்போது எத்தனை குழல்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முன்பு சொன்ன இரண்டாவது கூட்டத்தார் "பெட்டி இருக்கிறது" என்று நம்புவது இதைத்தான். பெட்டி இருந்தது உண்மை. ஆனால் இந்தச் சுருதி மாற்றியை இன்று தேடிப் பிடித்து, அதில் ஏதோ ஒரு திரைப்பாட்டின் கிட்டார் துணுக்கை வாசித்துப் பாருங்கள். வருவது இரட்டைக் குரலில் ஒரு திரைப்பாட்டு, பேக்பைப் வராது. குரல் வந்தாலும் நடை வரவில்லை என்பதே காரணம்.

சுரங்களின் தேர்வு

நடையின் பெரும்பகுதி சுரங்களில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெரிய பேக்பைப்பில் கிடைப்பவை ஒன்பதே சுரங்கள். ஆதார சுரத்திலிருந்து எண்ணினால் அவற்றின் வரிசை, கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும் வகையில், ஏறக்குறைய நம் ஹரிகாம்போதி ராகம்தான். மேற்கத்திய இசையில் மிகப் பழக்கமான வரிசை சங்கராபரணத்தை ஒத்தது. அதில் ஏழாவது சுரமான நிஷாதம், மேலே உள்ள ஷட்ஜத்தை (ஆதார சுரத்தை) ஒட்டி நிற்கும். பேக்பைப்பில் நிஷாதம் சற்றே இறங்கி நிற்கிறது. அந்த ஒரு சுரம் இறங்கியதாலேயே மெட்டுக்கு ஒரு பழமையும் திறந்தவெளியும் வந்துவிடுகிறது. மற்றொரு பக்கம், ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களில் பல, ஐந்தே சுரங்களில் அமைந்தவை. உலகமெங்கும் புத்தாண்டு இரவில் பாடப்படும் 'ஆல்ட் லாங் சைன்' பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள். ஐந்து சுர ராகமான மோகனத்தின் சுரங்களைத் தாண்டாது.

ஆடம்சனின் கிட்டார் மெட்டுகள் இந்த மண்ணிலிருந்து முளைத்தவை. அக்கால ராக் கிட்டாரின் பெரும்பகுதி அமெரிக்காவின் புளூஸ் இசையிலிருந்து வந்தது. தந்தியை இழுத்து வளைத்து அழவைப்பது அதன் மொழி. ஆடம்சன் பெரும்பாலும் அந்த மொழியில் பேசவில்லை. அவருடைய மெட்டுகள் வளையாமல், நேராக, சுரத்திலிருந்து சுரத்துக்குப் படியேறுவதுபோல் தாவுகின்றன. ஒவ்வொரு சுரத்தையும் வில்லையால் மீட்டாமல், இடக்கை விரலால் தந்தியைத் தட்டியும் சுண்டியும் எழுப்பும் முறை கிட்டாரில் உண்டு; பேக்பைப்பின் வெட்டுச் சுரத்துக்கு மிக அருகில் வரக்கூடியது அதுவே. ஒரு தந்தியைத் திறந்தபடி ஒலிக்க விட்டுவிட்டு அடுத்த தந்தியில் மெட்டை நகர்த்தினால், ஒத்தும் கிடைத்துவிடுகிறது.

பேக்பைப்பில் சுரங்கள் ஒத்தோடு இழைந்து நிற்கும்படி செவியால் சரிசெய்யப்படுகின்றன. கிட்டாரிலோ சுர இடங்களைக் குறிக்கும் கட்டைகள் ஒரே இடத்தில் பதிந்துவிட்டவை. ஆகையால் சுருதியில் இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தவே முடியாது. கூர்ந்து கேட்கும் காதுக்கு அந்த வேறுபாடு எப்போதும் தெரியும்.

இணையாக நடக்கும் இருவர்

வழக்கமான ராக் குழுவில் ஒரு கிட்டார் தாளத்தோடு சேர்ந்து அடித்தளம் போடும். மற்றது மேலே ஏறி ஆடும். 'தி கிராசிங்' ஆல்பத்தில் பல இடங்களில் யார் மேலே, யார் கீழே என்று பிரிக்க முடியாது. இருவரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பிடிப்பார்கள், பிறகு ஒருவர் ஒரு சுரத்தில் நின்றுகொள்ள, மற்றவர் அதைச் சுற்றி நடப்பார், மறுபடி சேருவார்கள். இரட்டை நாதசுரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இன்பம் புதிதல்ல.

அடியில் பிரெசிக்கியின் டிரம்ஸ். பேக்பைப் அணிவகுப்பு என்றாலே கூடவே பக்க முரசுகளின் படபடப்பும் இருக்கும். இரண்டும் நம் நினைவில் பிரிக்க முடியாமல் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. அவர் தம் சிறு முரசில் அந்த அணிவகுப்பின் துடிப்பை உருட்டத் தொடங்கியதும், காது குழலொலியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. எதிர்பார்த்த அந்தக் கணத்தில் கிட்டார்கள் நுழைகின்றன. ஆல்பத்தின் முதல் பாட்டான 'இன் எ பிக் கன்ட்ரி' தொடங்குவதே முரசில்தான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், யூ2 குழுவின் முதல் மூன்று ஆல்பங்களைத் தயாரித்தவர். முரசுக்குப் பெரிய மைதானத்தின் அகலத்தைத் தருவதில் கைதேர்ந்தவர்.

மூன்றாவது கூட்டத்தாருக்கும் இங்கே ஒரு பதில் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து என்ற பெயரும், அவர்கள் அணிந்த கட்டம் போட்ட சட்டைகளும் நம் எதிர்பார்ப்பைத் தூண்டியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நால்வரில் ஒருவர்கூட ஸ்காட்லாந்தில் பிறந்தவர் அல்லர். ஆடம்சன் மான்செஸ்டரில் பிறந்து டன்ஃபெர்ம்லின் அருகே வளர்ந்தவர். வாட்சன் கனடாவில் பிறந்து டன்ஃபெர்ம்லினில் வளர்ந்தவர். பட்லரும் பிரெசிக்கியும் இங்கிலாந்துக்காரர்கள். அந்த ஒலி பிறப்பால் தானாக ஒட்டிக்கொண்டதன்று. காதால் கேட்டு, கையால் தேடி, முயன்று உருவாக்கியது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: கரகரப்பும் ஈ-போவும் தேய்வை மறைத்தன, சுருதி மாற்றி ஒன்றைப் பலவாக்கியது, சுரத் தேர்வும், தட்டிச் சுண்டும் விரல்களும், திறந்த தந்தியும் நடையைத் தந்தன, முரசு காதைத் தயார்ப்படுத்தியது.

ஆல்பத்துக்குள்

ஆடம்சன் முன்பு இருந்த ஸ்கிட்ஸ் குழு, 1979இல் 'இன்டு தி வேலி' என்ற பாட்டால் பிரிட்டனில் பெயர் பெற்றது. அந்தக் கிட்டாரிலேயே பின்னால் வரப்போவதன் சாயல் இருக்கிறது. அக்குழுவை விட்டு விலகி அவர் தொடங்கியதே பிக் கன்ட்ரி. 1982இல் வந்த முதல் சிங்கிள் (ஆல்பத்துக்கு முன் தனியாக வெளியிட்ட பாட்டு) 'ஹார்வெஸ்ட் ஹோம்' அவ்வளவாக எடுபடவில்லை. லில்லிவைட்டுடன் சேர்ந்தபின் 1983இல் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பிரிட்டன் பட்டியலில் 10ஆம் இடத்தைப் பிடித்தது. அடுத்து வந்த 'இன் எ பிக் கன்ட்ரி' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரே எண்ணைத் தொட்டது: 17. ஆல்பம் பிரிட்டனில் 3ஆம் இடம் வரை சென்றது. மறு ஆண்டு வந்த 'ஸ்டீல்டவுன்' முதலிடத்துக்கே போனது. அமெரிக்காவில் ஒரே பாட்டோடு நின்றுபோன குழு என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆனால் எண்களுக்காக இந்த ஆல்பத்தை நேசிப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் ஒலி வானொலியை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. வேலையில்லாதோர் எண்ணிக்கை பிரிட்டனில் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டன்ஃபெர்ம்லினைச் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்களின் எதிர்காலம் தொங்கலில் இருந்தது. அந்த நேரத்தில் அங்கிருந்து வந்த ஒரு குரல், மனம் உடைந்த ஒருவரைப் பார்த்து, பிழைத்திரு, கனவை விட்டுவிடாதே என்று சொல்கிறது. முதல் பாட்டின் பொருள் அதுதான். கிட்டார்கள் மட்டும் அணிவகுத்து, சொற்கள் பொய்யாக இருந்திருந்தால் பாட்டு வெறும் ஆரவாரமாகப் போயிருக்கும். பாடியவர் 2001 டிசம்பரில், 43 வயதிலேயே மறைந்துவிட்டார் என்பதை அறிந்தபின் அந்த வரிகளைக் கேட்கையில் என் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

எனக்கு மிக நெருக்கமான பாட்டு 'சான்ஸ்'. அணிவகுப்பு எதுவும் இல்லை. கணவன் விட்டுச் சென்றபின் குழந்தைகளோடு தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் கதை. இங்கே கிட்டார்கள் முன்னால் வந்து முழங்குவதில்லை. நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு, குரலுக்குப் பின்னால் மூச்சுப்போல் நிற்கின்றன. பேக்பைப்பை வெறும் போர்முழக்கமாக மட்டும் அறிந்தவர்களுக்கு, இழவு வீட்டிலும் கல்லறையருகிலும் அதே கருவிதான் ஊதப்படுகிறது என்பதை இந்தப் பாட்டு நினைவூட்டும். தந்திரத்துக்காக மட்டும் அந்த ஒலியைத் தேடியிருந்தால், இப்படி அடக்கி வாசிக்கும் இடம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

'தி ஸ்டார்ம்' மெதுவாகப் பற்றி எரியும் நெடும்பாட்டு. பொறுமையோடு கேட்பவரைக் கைவிடாது. '1000 ஸ்டார்ஸ்', 'குளோஸ் ஆக்‌ஷன்' இரண்டும் நல்ல பாட்டுகளே என்றாலும், என் கணக்கில் மற்றவற்றின் உயரத்தை எட்டவில்லை.

எப்படிக் கேட்பது

முதல் முறை கேட்கும்போது எதையும் ஆராயாமல் ஆல்பத்தை முழுவதுமாக ஓடவிடுங்கள். இரண்டாம் முறை 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பாடுபவரின் குரலை மறந்துவிட்டு, கிட்டார் மெட்டின் சுரங்கள் எங்கே முடிகின்றன என்று தேடுங்கள். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கியிருப்பதைக் கவனிக்கலாம். அதன்பின் யூடியூபில் ஏதேனும் ஒரு ஸ்காட்லாந்துப் பேக்பைப் அணிவகுப்பை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, உடனே மறுபடி இதே பாட்டுக்குத் திரும்புங்கள். இப்போது வேடிக்கையாக, கிட்டார் கிட்டாராகவே கேட்கும். உண்மையான சீவாளியின் குரல் காதில் இருப்பதால் குரல் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் நடை அதேதான் என்பதும் அப்போதுதான் முழுமையாகத் தெரியும்.

கடைசிப் பாட்டான 'பொரோமேன்' ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடுகிறது. அதை வேறு வேலைகளுக்கு நடுவே கேட்க வேண்டாம். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, பாடுபவரையும் முரசையும் ஒதுக்கிவைத்து, ஒத்து எந்தத் தந்தியில் நிற்கிறது என்பதை மட்டும் தேடிக்கொண்டே கேளுங்கள்.